இரண்டு முழம் கூடுதல் ஒயர்

கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் எலெக்ட்ரிக்கல் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உடனே அவர்கள் வீட்டு ஃபேன் ஓடாத கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஃபேனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பேனல் ஒயரிங் செய்கிறவள். ஆளுயர இரும்பு அலமாரிக்குள் பெரிய மோட்டார்களுக்கான சுவிட்சுகளைப் பொருத்தி, அவற்றுக்கு எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோலரையும் பக்கத்திலேயே வைத்து, நூற்றுக்கணக்கான ஒயர்களை இணைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் காலையில் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து பட்டறை வேனில் மேரு வரை போகிறேன். பதினாறு வருடமாகிறது.

எங்கள் அலமாரிகளில் ஓடுவது நானூற்றுப் பதினைந்து வோல்ட். பாடப்புத்தகம் அதை லோ வோல்டேஜ் என்கிறது. எழுதியவர் அதில் கை வைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதே அலமாரியில் கன்ட்ரோலருக்கு வரும் சென்சார் ஒயரில் ஓடுவதோ இருந்தும் இல்லாதது போன்ற ஒரு சின்ன மின்சாரம். பெரியது பக்கத்தில் இருந்தால் சின்னதில் போய் எதையாவது ஒட்டிவிடும். அதை நாங்கள் நாய்ஸ் என்போம். காதில் விழாத இரைச்சல். கன்ட்ரோலர் அதைக் கேட்டுவிட்டுத் தப்பாக முடிவெடுக்கும். இதெல்லாம் எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வருடமே தெரியும். தெரிந்ததால்தான் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் ஒயரிங் அழகாக இருக்கும். இதைத் தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளலாம். சீவி வாரிய தலைமுடி மாதிரி ஒயர்கள் இறங்கும். மூலைகளில் ஒரே மாதிரி வளையும். பெயர்ச்சீட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். பேனல் முடிந்ததும் பாஸ் கதவைத் திறந்து வைத்துப் படமெடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவார். பட்டறையில் மற்றவர்களின் பேனல்களையும் எடுப்பார். ஆனால் என்னுடையதை எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இருக்கும் துடைப்பத்தை நகர்த்திவிட்டு எடுப்பார்.

இதோடு என்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த ஒயரையும் அளவாக வெட்டமாட்டேன். சேர்ந்த புதிதில் பூச்சோங்கில் ஒரு தொழிற்சாலையில், கடைசி இணைப்புக்கு வந்தபோது ஒரு கேபிள் நான்கு விரல் அளவு குறைந்துவிட்டது. அந்த நான்கு விரலுக்காக முழு நீளக் கேபிளையும் குழாய் வழியாக மறுபடி இழுக்க வேண்டியதாயிற்று. மூன்று பேர், ஒரு முழு நாள். அன்று அவர்கள் என்னைத் திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இழுத்தார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு பட்டறையில் எல்லோரும் ஒரு முழம் கூடுதலாக விட்டால் நான் இரண்டு முழம் விட்டேன். மிச்சத்தை வட்டமாகச் சுற்றி, ஆறு இடத்தில் கட்டி, அலமாரியில் காலியாக இருக்கும் மூலையில் வைப்பேன். வேலையில் கைதேர்ந்தவள் செய்கிற காரியமாகத்தான் அது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

துறைமுகம் போகும் சாலையில் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்கு அப்படி ஒரு பேனல் செய்து கொடுத்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கம்ப்ரசர் குளிர வைக்கும். அந்தத் தொட்டிக்குள் இறக்கிய அச்சுகளில் ஐஸ் கட்டி உறையும். தொட்டியின் குளிரை ஒரு சென்சார் அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும். மைனஸ் ஒன்பது, மைனஸ் பத்து என்று இருந்தால் நல்லது. மைனஸ் பதினெட்டுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் உடனே கம்ப்ரசரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். இது போக, காலையில் மீன் லோரிகள் வரும்போது கட்டிகளை உடைத்துக் கொட்ட ஒரு உடைப்பு மெஷின். அதற்கு ஒரு பெரிய மோட்டார். அதன் சுவிட்சும் என் அலமாரிக்குள்தான். பட்டறையில் சோதனை செய்தோம், எல்லாம் ஓடின. அங்கே மோட்டார் எதுவும் இணைத்திருக்கவில்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. கம்ப்ரசர் சும்மா சும்மா நிற்கிறது, கட்டியின் நடு உறையாமல் பால் மாதிரி இருக்கிறது, லோரிக்காரர்கள் கத்துகிறார்கள் என்றார்கள். நான் போய்ச் சேரும்போது மதியம் மூன்று மணி. லோரிகள் எல்லாம் எப்போதோ போயிருந்தன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எண் மைனஸ் ஒன்பதை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆடவில்லை. திரையில் இருந்த செட்டிங்கைப் பார்க்கக்கூட இல்லை, பழையபடி நான் கொண்டுபோனதைத் திரும்ப ஏற்றினேன்.

மேனேஜர் ஒன்று சொன்னார். கம்ப்ரசர் நிற்பது காலை ஷிஃப்டில் மட்டும்தான், அந்த ஷிஃப்டில் இருப்பது ஒரே ஒரு ஆபரேட்டர், நிற்கும்போதெல்லாம் கேமராவில் பார்த்தால் அவர்தான் பேனல் முன்னால் இருக்கிறார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். ஒயரிங் சரிபார்க்கப்பட்டது, நன்றாக உள்ளது. ஆபரேட்டர் செட்டிங்கைத் தொட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன். ஆறு மணி ரயிலைப் பிடித்துவிட்டேன் என்பதில் அன்று எனக்கு நல்ல திருப்தி.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை ரிப்பேருக்கு இல்லை. திரைக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுத் தர வேண்டும், ஆபரேட்டர் கை வைக்க முடியாதபடி. பாஸ்வேர்ட் போடுவது பத்து நிமிட வேலை என்பதால் காலையிலேயே போனேன்.

பேனல் முன்னால் அந்த ஆபரேட்டர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். காலர் பொத்தான் வரை போட்ட சட்டை, நெற்றியில் கொஞ்சம் திருநீறு. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காணிக்க வந்த பெரிய மனிதர் மாதிரி நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, அந்த ரீசெட்ட கொஞ்சம் அமுத்துங்க" என்றேன், பையைத் திறந்துகொண்டே.

"நான் தொடமாட்டேன்மா. நீங்களே அமுத்திக்குங்க."

"ஏன், ஒரு பட்டன் அமுத்துனா கொறஞ்சா போயிருவீங்க?"

அவர் கையை எடுக்காமல் தலையைத் திருப்பி முகவாயால் மேலே காட்டினார். கூரை ஓரத்தில் ஒரு கேமரா எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அது பாக்குதுமா. கை ரெண்டும் அதுக்குத் தெரியணும். வெளக்கம் கேட்டு ஷோ காஸ் லெட்டர் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழம விசாரண. நான்தான் செட்டிங்க மாத்துறேனாம்."

நான் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன்.

"லெட்டர் பின்னாடி ஒங்க ரிப்போர்ட்ட குத்தியிருக்காங்க" என்றார். "கையெழுத்து அழகா இருந்துச்சு."

குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அவசரமாகத் திரையைத் திறந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் நான் ஏற்றிய செட்டிங் அப்படியே இருந்தது. ஒரு எண்கூட மாறவில்லை. இந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை நின்றது என்று கேட்டேன். பதினொன்று என்று உடனே சொன்னார். செட்டிங் மாறாமலே பதினொரு முறை நின்றிருக்கிறது. அப்படியானால் நான் எழுதிய இரண்டாவது வரி பொய். முதல் வரியும் பொய்யாக இருக்கக்கூடும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருந்தது. பார்க்கலாமா என்றேன். தமிழில், வரிசை வரிசையாக, பென்சிலில் எழுதியிருந்தார். எட்டு நாற்பது, நின்றது, செலாயாங் மீன் லோரி. ஒன்பது கால், நின்றது, பந்திங் லோரி. ஏழு ஐம்பது, நின்றது, மறுபடி செலாயாங். மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும், லோரி எந்த ஊருடையது என்பது உட்பட, எழுதி வைத்திருந்தார்.

"எதுக்குண்ணே லோரிய எல்லாம் எழுதியிருக்கீங்க?"

"லோரி ரிவர்ஸ் எடுத்து வந்து அந்த மேடையில இடிக்கிதுல்ல, தரை அதிருதும்மா. அந்த அதிர்வுல ஒங்க பொட்டிக்குள்ள எதாச்சும் ஒயரு லூஸாவுது. அதான் நிக்கிது."

"என் ஒயர் லூஸாவாதுண்ணே." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இல்ல, நான் சும்மா சொல்றேன் லா. எனக்கென்ன தெரியும்."

இதை மேனேஜரிடம் காட்டினாரா என்று கேட்டேன். காட்டினாராம். தமிழில் இருந்ததால் அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. இவர் லோரி, அதிர்வு என்று விளக்கியதும் சிரித்துவிட்டாராம். நானும் சிரிக்கத்தான் இருந்தேன். அதற்குள் பந்திங் லோரி ஒன்று பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நின்றது. தரை ஒன்றும் அதிரவில்லை. லோரி ஆள் இறங்கி, மேடையில் இருந்த பட்டனைத் தட்டி உடைப்பு மெஷினை ஓடவிட்டான். என் அலமாரிக்குள் அதன் சுவிட்ச் டக்கென்று மூடியது. அதே நொடியில் திரையில் மைனஸ் ஒன்பது என்பது மைனஸ் இருபத்து மூன்றாகி, மறுபடி மைனஸ் ஒன்பதானது. கம்ப்ரசரின் சத்தம் இறங்கி இறங்கி ஓய்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் பேனலிலிருந்து நான்கடி தள்ளி நின்றிருந்தோம். அவருடைய கைகள் பின்னால்தான் இருந்தன.

லோரி என்று அவர் எழுதியது அத்தனையும் உடைப்பு மெஷின். லோரி வராமல் அது ஓடாது. மதியத்துக்குமேல் லோரி கிடையாது. அதனால்தான் அன்று மூன்று மணிக்கு வந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து கீழே குனிந்தேன். வலது மூலையில், அந்தப் பெரிய சுவிட்சுக்கு ஒரு சாண்கூடத் தள்ளாமல், என் இரண்டு முழம் கூடுதல் ஒயர் இருந்தது. வட்டமாக, ஆறு கட்டு போட்டு. உள்ளே வரும் வழியெல்லாம் உடைப்பு மோட்டாரின் கேபிளோடு ஒரே பாதையில் ஒட்டி உரசிக்கொண்டு வந்து, அங்கே வந்து சுருண்டு படுத்திருந்தது. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பெரிய மோட்டாரின் சுவிட்சுக்குப் பக்கத்தில் சென்சார் ஒயரைச் சுருட்டி வைத்தால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுருள் எதையாவது வாங்கிக்கொள்ளும். சில சமயம் கொஞ்சம் வாங்கும், எண் துள்ளிவிட்டுத் திரும்பிவிடும். சில சமயம் எல்லையைத் தாண்டும், கம்ப்ரசர் நிற்கும்.

கையுறை போட்டுக்கொண்டு, சுருளை அங்கிருந்து எடுத்து அலமாரிக்கு வெளியே தொங்கவிட்டேன். லோரி ஆளைத் திரும்பத் திரும்ப மெஷினை நிறுத்தி ஓட்டச் சொன்னேன். பத்து முறை. எண் அரை டிகிரி, ஒரு டிகிரிக்கு மேல் ஆடவில்லை. திரும்பப் பழைய மூலையில் வைத்தேன். மூன்றாவது முறையிலேயே மைனஸ் இருபதைத் தாண்டியது.

ரீசெட்டை அமுக்கிக் கம்ப்ரசரை மறுபடி ஓடவிட்டு, வெளியே வந்து பாஸுக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பட்டறையில் ஒன்பது பேருக்குச் சாப்பாடு போடுகிறவர்.

"சரி, அத வெட்டிட்டு, வேற பக்கமா கொண்டு போய்க் கட்டிரு" என்றார். "பாஸ்வேர்டையும் போட்டுரு. ரிப்போர்ட்ல இம்ப்ரூவ்மென்ட்னு ஒரு வார்த்த எழுது, போதும் லா. நம்ம தப்புன்னு எழுதாத. அடுத்த ரெண்டு பேனலும் நம்மகிட்டதான் வரப்போவுது."

"அந்த ஆபரேட்டரு?"

"இனிமே நிக்காதுல்ல? அவருக்கும் நல்லதுதானே."

போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று பாஸ்வேர்ட் போடுகிறேன். இன்றே ஒயரையும் சத்தமில்லாமல் வெட்டுகிறேன். நாளையிலிருந்து கம்ப்ரசர் நிற்காது. வெள்ளிக்கிழமை விசாரணையில் மேனேஜர் கேட்கப்போவது ஒரே கேள்வி. பாஸ்வேர்ட் போட்டதும் கோளாறு போய்விட்டதே, அப்படியானால் அதுவரை தொட்டது யார்? நான் செய்கிற ரிப்பேரே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இம்ப்ரூவ்மென்ட் என்பது பொய்யான வார்த்தையும் இல்லை. கேன்டீனில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. பாஸுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நான் யோசித்ததெல்லாம் துடைப்பத்தை நகர்த்திவிட்டுப் படமெடுக்கிறாரே, இனிமேல் எடுப்பாரா என்றுதான். ஒரு மனிதருடைய வேலைக்கு எதிரே தராசில் நான் வைத்தது இவ்வளவுதான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் பேனல் தெரியும். அந்த ஆபரேட்டர் பத்து நிமிடத்துக்கொரு முறை வந்து எண்ணைப் படித்தார், போய் நோட்டில் எழுதினார், திரும்பி வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டை முடிக்காமலே மேனேஜரைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒயரை நான் இன்னும் வெட்டியிருக்கவில்லை. செலாயாங் லோரி வந்து நின்றிருந்தது. அவர் கண் முன்னால் மெஷினை ஓடவிடச் சொன்னேன். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வியர்த்தது. என் பேனல் பழுதாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். நான்காவது முறை எண் கீழே விழுந்தது, கம்ப்ரசர் நின்றது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு ஆபரேட்டரின் கைகளைப் பார்த்தார். குனிந்து, நான் டார்ச் அடித்துக் காட்டிய சுருளைப் பார்த்தார்.

"கெமாஸ்" என்றார் மலாயில். நேர்த்தியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். "அவர் எதையும் தொடவில்லை. போன ரிப்போர்ட்டில் நான் எழுதியது தப்பு."

கம்ப்ரசரையும் மெஷினையும் நிறுத்தச் சொல்லி, மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். சுருளை வெட்டி எடுத்தேன். சென்சார் கேபிளை மோட்டார் கேபிள்களோடு சேராமல் இடது பக்கமாகத் தனியாகக் கொண்டுபோனேன். குறுக்கே தாண்ட வேண்டிய ஒரு இடத்தில் மட்டும் நேர்க் குறுக்காகத் தாண்ட வைத்தேன். கன்ட்ரோலருக்குப் பின்னால் இருந்த பெயின்ட்டைச் சுரண்டி, எர்த் ஒயரை வெறும் இரும்பில் பதியவிட்டேன். அந்தப் பெயின்ட்டும் அழகுக்காக நான் விட்டு வைத்ததுதான். முடிந்ததும் பார்த்தேன். அவ்வளவு ஒயர்களுக்கிடையில் ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி தனியாகப் போனது. பார்க்க விகாரமாக இருந்தது.

புது ரிப்போர்ட்டில் எட்டு வரி எழுதினேன். சென்சார் ஒயரைத் தவறான இடத்தில் வைத்தது நான் என்றும், ஆபரேட்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும், முந்தைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்றும். பாஸ்வேர்ட் போடவில்லை. அதையும் எழுதினேன்.

கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். "தப்பு என்னோடதுண்ணே."

"சரிம்மா" என்றார். நோட்டைத் திறந்துகொண்டே, "அப்ப லோரி இல்லையா?" என்று கேட்டார்.

"லோரி இல்லண்ணே. ஆனா நீங்க எழுதி வச்சதுனாலதான் கண்டுபிடிச்சேன்."

தலையாட்டினார். நோட்டில் தேதி போட்டு எதையோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை ரத்தாகி, லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று அவர்தான் மூன்றாம் நாள் வந்து சொன்னார். அடுத்த இரண்டு பேனலும் எங்களுக்கே வந்தன. இப்போது சென்சார் ஒயரை அளவாக வெட்டுகிறேன். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பூச்சோங்கில் மூச்சு வாங்கிய மூன்று பேர் நினைவுக்கு வருகிறார்கள். பாஸ் இன்னும் படமெடுக்கிறார். துடைப்பத்தை நகர்த்துகிறாரா என்று நான் பார்ப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து வழக்கமான சர்வீஸுக்கு அந்த ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். காலை நேரம்தான். கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேனல் முன்னால், அதே இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் மேலே பார்த்தேன். கேமராவைக் கழற்றி லோரி மேடைப் பக்கம் மாற்றியிருந்தார்கள். கூரை ஓரத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"கேமராவ மாத்திட்டாங்களேண்ணே" என்றேன்.

"தெரியும்மா. மாத்தி மூணு மாசமாச்சு."

செலாயாங் லோரி வந்தது. உடைப்பு மெஷின் டக்கென்று கிளம்பியது. இரண்டு பேரும் எண்ணைப் பார்த்தோம். மைனஸ் ஒன்பது, மைனஸ் ஒன்பது. பார்த்தீர்களா என்பது போல அவர் முகவாயால் திரையைக் காட்டினார்.

வேலை முடிந்ததும் ரிப்போர்ட்டை அவர் முன்னால் நீட்டி, ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அதற்காக மட்டும் வலது கையை முன்னால் கொண்டுவந்தார். நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையை மறுபடி பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.